முயலகனும் வலிப்பும்

கேள்வி: அக்காவின் மகளுக்கு 14 வயது. வலிப்பு வருகிறது. "முயலகன் பிடிச்சிட்டான், நடராசர் காலடியில் கிடக்கிறவன் அவன்தான்" என்று சொல்லி நேர்த்தி வைத்துவிட்டு, குளிசையை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடமும் இல்லை. சிலையிலேயே இருக்கிறதே, முன்னோர் சொன்னது பொய்யா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: பிள்ளையை இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம், உயிருக்கே ஆபத்து. சிலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சரி, இப்போது சிலை. வலிப்புக்கு முயலகன் என்று பழந்தமிழில் பெயர் இருந்தது உண்மை. வடமொழியில் நோய்க்கும் காலடியில் கிடப்பவனுக்கும் அபஸ்மாரம் என்ற ஒரே பெயர். ஆனால் சைவ சித்தாந்தம் அந்தக் குள்ள உருவத்தில் பார்ப்பது ஆணவ மலத்தை, அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கை. அது உயிர்கள் எல்லாவற்றையும் பற்றி நிற்பது. அழியாது, வலிமைதான் அடங்கும். நடராசரின் கால் அவனைக் கொல்லாமல் அமுக்கி வைத்திருப்பதும், அவன் தலையைத் தூக்கிப் பார்ப்பதும் அதனால்தான். அப்படியென்றால் முயலகன் உங்கள் வீட்டில் எல்லோரிடமும் இருக்கிறான், என்னிடமும் இருக்கிறான். சுகமில்லாத பிள்ளையை மட்டும் காட்டி "இவளிடம்தான்" என்பதற்குச் சைவத்தில் இடமே இல்லை.

முன்னோரைக் கேட்கிறார்கள் அல்லவா? நம் கோணமலையைப் பாடிய சம்பந்தரையே கேட்போம். திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பாச்சிலாச்சிராமம் என்ற தலத்தில், கொல்லி மழவன் என்ற அரசனின் மகள் முயலக நோயால் மயங்கிக் கிடந்தாள் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் பதிகம் பாடினார். அதில் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. 'மங்கையை வாட மயல்செய்வதோ இவர் மாண்பே' என்று இறைவனையே தட்டிக் கேட்கிறார்! தகப்பனும் அவளை வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை, கோயிலில் எல்லோர் கண்முன்னும் கொண்டுவந்து கிடத்தியிருந்தான். இந்த இடத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மருந்தும் முன்னோர் சொன்னதுதான். சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் அபஸ்மாரத்தை நான்கு வகையாகப் பிரித்துச் சிகிச்சை சொல்கிறது. மூளையின் நரம்புக் கலங்களில் மின்னோட்டம் சட்டென்று தாறுமாறாகப் பாய்வதுதான் வலிப்பு என்று இன்று தெரியும். முறையாக மருந்து எடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நேர்த்தியைத் தாராளமாகச் செய்யட்டும், குளிசையை விழுங்கிக்கொண்டு.

பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும். வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தை மறைக்காதீர்கள். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்தால் போதும். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டி வேண்டவே வேண்டாம், கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.