அலுவலக மெயிலையும் காலண்டரையும் கட்டற்ற மென்பொருள் சர்வருக்கு மாற்றினால் பழைய மெயில்கள் தொலைந்துவிடுமா?

அவசரப்படாமல் செய்தால் தொலையாது. மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் சேமித்துக் காட்ட டவ்காட், காலண்டருக்கும் முகவரிப் புத்தகத்துக்கும் சோகோ (SOGo). அடிப்படை வேலைகளுக்கு இந்த மூன்று மென்பொருள்களும் போதும்.

பழைய மெயிலை நகர்த்த இமாப்சிங்க் என்ற கருவி இருக்கிறது. ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலைப் படிப்பதற்கான நெறிமுறை) வழியாக ஒவ்வொரு ஃபோல்டராக நகலெடுக்கும். மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் எடுக்கும். அதனால் பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரும்பகுதியை நகலெடுத்துவிடுங்கள். உங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களின் அட்டவணை) சொல்வது எம்எக்ஸ் பதிவு. அதை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான் டிடிஎல். எம்எக்ஸை மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே டிடிஎல்லை 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். எம்எக்ஸை மாற்றிய பிறகும் சில மெயில்கள் பழைய இடத்துக்கே போகலாம். அப்புறம் இன்னொரு முறை இமாப்சிங்க் ஓட்டினால் அவையும் வந்துவிடும். காலண்டர் இதில் வராது, அதை ஐசிஎஸ் என்ற காலண்டர் கோப்பாகத் தனியே எடுக்க வேண்டும்.

உண்மையான தலைவலி அனுப்புவதில்தான். மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், ஐபி முகவரி எந்த சர்வர் பெயருக்குரியது என்று சொல்லும் பிடிஆர் பதிவு என எது பிசகினாலும் உங்கள் மெயில் ஸ்பேமில் விழலாம். சர்வரை வாடகைக்கு எடுக்குமுன் மற்ற சர்வர்களுக்கு மெயில் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும். மென்பொருள் இலவசம்தான், ஆனால் பேக்கப்பையும் அப்டேட்டையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் மாற வேண்டாம் என்றே சொல்வேன்.