சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய ஓவியர்களைப் படப்புத்தகம், கைவேலை மூலம் எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு படுக்கையறை வீடு. 4 வயதுப் பெண், 7 வயதுப் பையன். பிரபல ஓவியர்களைப் புத்தகம், கைவேலை வழியாகக் காட்ட ஆசை. எங்கிருந்து தொடங்குவது, என்ன வாங்குவது?

பதில்:

ஓவியரின் படத்தைப் பார்த்து வரையச் சொல்லாதீர்கள். அந்த ஓவியர் கையால் செய்த ஒரே ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் என்றால் வண்ணத் தாளை வெட்டுவது, டச்சு ஓவியர் வான்கோ என்றால் கெட்டிச் சாயத்தை இழுப்பது, நம் தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலம் என்றால் கோட்டின் மேல் கோடு போட்டு ஒரு முகத்தை வரவழைப்பது. இணையத்தில் கிடைக்கிற கிராஃப்ட் யோசனைகளில் பெரும்பாலும் அம்மா வெட்டி வைத்த துண்டுகளைப் பிள்ளை ஒட்டுகிறது. கடைசியில் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரே சூரியகாந்தி. அதில் பிள்ளை தானாக முடிவு செய்தது எதுவும் இல்லை.

மாதத்துக்கு ஓர் ஓவியர் போதும். முதல் வாரம் வெறுமனே பார்ப்பது, அடுத்த இரண்டு வாரம் ஒரே கைவேலையை இரண்டு முறை. முதல் முறை பசையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். இரண்டாவது முறைதான் கை கேட்கும்.

புத்தகத்துக்கு வருவோம். 4 வயதுக்கு ஓவியரின் வாழ்க்கை வரலாறு தேவையே இல்லை. நல்ல படம் போட்ட எந்தப் படப்புத்தகமும் ஓவியப் புத்தகம்தான். கதை முடிந்ததும் 'இதை எதால வரைஞ்சிருப்பாங்க?' என்று கேட்டாலே பாடம் தொடங்கிவிட்டது. 7 வயதுக்கு ஆளைப் பற்றிய கதை பிடிக்கும். சென்னைப் பதிப்பகமான துலிகா குழந்தைகளுக்கென்றே ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில் போன்ற இந்திய ஓவியர்களைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறது. இன்னொரு சென்னைப் பதிப்பகமான தாராவின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கருப்புத் தாளில் அச்சான புத்தகம். பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்கள் மரங்களை வரைந்திருக்கிறார்கள். விலை கொஞ்சம் அதிகம். வாங்க முடியாதென்றால் கன்னிமாரா நூலகத்திலும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவிலும் ஓவியப் புத்தகங்களைத் தேடிப் பாருங்கள்.

பார்க்கும்போது பக்கத்தில் உள்ள எழுத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். பிறகு 'இது என்ன?' என்று கேட்காமல் 'இங்க என்ன நடக்குது?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு 'மரம்' என்ற ஒற்றைச் சொல்தான் வரும், இரண்டாவதற்கு ஒரு கதையே வரும். செல்போனில் காட்டினால் விரல் தானாக அடுத்த படத்துக்குத் தள்ளிவிடும். அதனால் ஏ3 அளவில் ஒரு கலர் பிரின்ட் எடுத்து, பிள்ளையின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து ஏறக்குறைய 3 அடியில் சுவரில் ஒட்டுங்கள். நம் கண் உயரத்துக்கு மாட்டினால் நாம்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

தொடக்கத்துக்கு மத்தீஸை விடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆன்ரி மத்தீஸ் 1869-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1941-இல் பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் வெள்ளைத் தாளில் வண்ணம் பூசிக் கொடுக்க, அவர் கத்தரிக்கோலால் வெட்டினார். வெட்டியதைச் சுவரில் ஊசி குத்தி நிறுத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே ஒட்டச் செய்தார். 1953-இல் செய்த 'நத்தை' இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலமும் உயரமும் 9 அடிக்கு மேல். மொட்டை மாடியில் சாக்பீஸால் 9 அடிக்கு 9 அடி சதுரம் போட்டு அதற்குள் பிள்ளைகளைப் படுக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் உள்ளங்கை அளவில் பார்த்த படம் உண்மையில் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் புரியும்.

வேலையை இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் பூசுவது மட்டும். சாதாரண ஏ4 ஜெராக்ஸ் தாள் 75 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம். ஈரம் பட்டதும் சுருண்டுகொள்ளும். 120-க்கு மேல் உள்ள தாளோ வெள்ளைச் சார்ட்டோ எடுங்கள். ஒரு சார்ட்டை எட்டாக வெட்டினால் அளவு சரியாக இருக்கும். போஸ்டர் கலர் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. ஒரு தாளுக்கு ஒரே நிறம். தூரிகைத் தடம் தெரிந்தால் தெரியட்டும், மத்தீஸின் தாள்களிலும் தெரியும். காய்ந்ததும் தாள் வளைந்திருந்தால், பின்பக்கம் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, இரண்டு பழைய நாளிதழ்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஒரு ராத்திரி அடுக்குங்கள். கடலோரக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் இதைச் செய்யாமல் தட்டைத் தாள் கிடைக்காது.

இரண்டாம் நாள் வெட்டு. பென்சிலால் வரைந்து வெட்ட விடாதீர்கள். கோட்டைத் தொடர்ந்து வெட்டினால் அது வெறும் வெட்டுவேலை. 5 அங்குல மழுங்கிய முனைக் கத்தரி. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, கத்தரி அசையாமல் தாள்தான் திரும்ப வேண்டும். வளைவு பிசிறடிக்கிறதென்றால் பிள்ளை கத்தரியைத் திருப்புகிறது என்று அர்த்தம். 4 வயதுக்கு 2 செ.மீ. அகலப் பட்டைகளைக் கொடுங்கள். ஒரே நறுக்கில் துண்டு விழும், கைக்கும் நம்பிக்கை வரும். இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரி தேவை. வலதுகைக் கத்தரியில் அலகு தாளை வெட்டாமல் மடக்கும். குறை பிள்ளையிடம் என்று நினைத்துவிடுவோம். என்ன வெட்டுவது என்றால் பார்த்த உருவம் எதுவும்: விசைப்படகின் மூக்கு, வஞ்சிரம், வலை முடிச்சு, நங்கூரம். வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டைத் தாளைக் குப்பையில் போடாதீர்கள், அதுவும் ஓர் உருவம்தான். ஒட்டும் முன் பத்து நிமிடம் பசையே இல்லாமல் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள்.

சாயம் பூச நேரமில்லையென்றால் காத்தாடித் தாள். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அது மெல்லியது. துண்டில் பசை தடவினால் கிழியும், அடித்தாளில் தடவி அதன்மேல் துண்டை வைக்க வேண்டும். ஈரத்தில் நிறமும் இறங்கும். தொல்லைதான், ஆனால் அதையே வேலையாக மாற்றலாம்: வெள்ளைத் தாளில் துண்டுகளைப் பரப்பி, தண்ணீர்த் தூரிகையால் நனைத்து, காய்ந்ததும் உரித்து எடுத்தால் கீழே நிறக்கறை நிற்கும். எல்லாத் தாளும் சாயம் விடாது, ஒரு மூலையை நனைத்துப் பாருங்கள்.

பசைக்கு மைதா போதும். 2 மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெண்மை போய்ப் பளபளப்பு வந்ததும் இறக்கவும். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். போஸ்டர் ஒட்டுகிற பசையில் பூச்சி வராமலிருக்க மயில் துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகளின் பசையில் கூடவே கூடாது. துத்தம் இல்லாத பசை ஒரு நாள்தான் தாங்கும், மறுநாள் புளித்துவிடும். மிச்சத்தை வைக்காதீர்கள்.

அடுத்து ஜாமினி ராய் (1887–1972). கல்கத்தா அரசுக் கலைப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் பழகி, உருவப்படம் வரைந்துகொண்டிருந்தவர், பிறகு அதை விட்டுவிட்டுக் காளிகாட் ஓவியங்கள், அதாவது கல்கத்தா காளி கோயில் பக்கம் விற்ற நாட்டுப்புறப் படங்கள் பக்கம் திரும்பினார். மண் நிறங்கள், அழுத்தமான கருங்கோடு, காதை எட்டும் நீளக் கண்கள். இங்கே செய்ய வேண்டிய ஒரே வேலை அந்தக் கண்ணும் கோடும்தான். நிறத்துக்குக் காவி மண்ணைக் கல் நீக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். 2 கரண்டி காவி, 1 கரண்டி தண்ணீர், அரைக் கரண்டி ஃபெவிகால். ஃபெவிகால் இல்லாவிட்டால் காய்ந்ததும் விரலோடு பொடியாக வந்துவிடும். ராய் புளியங்கொட்டைப் பசை சேர்த்தார். மஞ்சளுக்கு மஞ்சள் தூள், வெள்ளைக்கு சாக்பீஸ் பொடி. சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. கலர் கோலப்பொடியும் வேண்டாம். தூள் மூக்கில் ஏறும், என்ன சாயம் என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது.

முதலில் நிறம் நிரப்பி, முழுக்கக் காய்ந்த பிறகு கருங்கோடு. வரிசையை மாற்றினால், போஸ்டர் கலர் மறுபடி தண்ணீரில் கரையும் என்பதால், கருப்பு எல்லா நிறத்திலும் இழுபடும். தாளைத் தரையில் வைத்து, 6-ஆம் எண் வட்டத் தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, விரலால் அல்லாமல் தோளிலிருந்து கோடு இழுக்க வேண்டும். கோலம் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஒரு வேடிக்கை: மஞ்சள் பூசிய இடத்தில் துணி சோப்புக் கரைசலைத் தொட்டுக் கோடு இழுத்தால் கோடு சிவக்கும். வெயிலில் மாட்டினால் மஞ்சள் வெளுத்துவிடும், நிழலில் வையுங்கள்.

ஓவியரோடு நிறுத்த வேண்டாம், சிற்பிக்கும் ஒரு மாதம் கொடுங்கள். மெரினா உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் திறக்கப்பட்டது. 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு அவர் முதல்வராக இருந்தவர். அந்தப் பள்ளிதான் பெரியமேட்டில் இன்று இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. துறைமுகத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தில் இருந்தால், நான்கு பேர் பாறையைப் புரட்டும் அந்தச் சிலையை விளக்க வேண்டியதே இல்லை. பிள்ளைகளைச் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள். எந்தக் கால் மடங்குகிறது, முதுகு எங்கே வளைகிறது என்று தாங்களே சொல்வார்கள். பிறகு களிமண். ஈர்க்குச்சியை எலும்பாக வைத்து, 10 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் செய்யுங்கள். தனியாக நிற்கிற ஆள் கால் ஒடிந்து விழுவான், பாறையில் சாய்ந்தவன் விழமாட்டான். மாவும் உப்பும் பிசைந்து செய்யும் உருவங்கள் நம் ஊருக்குச் சரிப்படாது. உப்பு கடல் காற்றின் ஈரத்தை இழுத்து ஒரு மழைக்காலத்தில் கொழகொழவென்றாகிவிடும். களிமண்ணை நிழலில், ஈரத்துணி மூடி, இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மெல்லிய கை முதலில் சுருங்கி, தடித்த உடம்பிலிருந்து விரிசல் விட்டுப் பிரியும்.

வான்கோவுக்குப் போஸ்டர் கலரில் அந்த மைதாப் பசையைச் சம அளவு கலந்து, ஐஸ் குச்சியாலோ உடைந்த சீப்பாலோ இழுத்தால் போதும். அவர் தன் காதையே அறுத்துக்கொண்ட கதை 4 வயதுக்கு வேண்டாம். ஓவியமெல்லாம் மறந்து அது மட்டும்தான் நிற்கும். ரஷ்ய ஓவியர் கான்டின்ஸ்கி 1913-இல் கட்டங்களுக்குள் வரைந்த வட்டங்களுக்கு 12 கட்டம் போட்டு, ஒரே சிவப்பு வட்டத்தைப் பச்சைக்குள்ளும் ஆரஞ்சுக்குள்ளும் வைத்து, எது முன்னால் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சாயத்தைச் சொட்டியும் வீசியும் வரைந்த அமெரிக்க ஓவியர் பொல்லாக்கைச் சின்ன வீட்டில் தொடாதீர்கள். மாடி இருந்தால், காற்று இல்லாத காலையில்.

பொருள் வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெரு. சார்ட்டும் தாளும் மொத்தமாக எடுத்தால் மலிவு. முதல் மாதத்துக்கு சார்ட் 4, போஸ்டர் கலர் சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, வெள்ளை, தூரிகை 2, கத்தரி 2. பன்னிரண்டு நிறப் பெட்டி வேண்டாம். மூன்றைக் கலந்து பச்சையும் ஆரஞ்சும் கண்டுபிடிப்பதே ஒரு வாரம் ஓடும்.

நான்காவது மாதம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் பச்சைத் தடம் மாறினால் அடுத்த நிறுத்தம். வெள்ளிக்கிழமை விடுமுறை. சாயம் எடுத்துப் போகாதீர்கள். பென்சில், சின்ன நோட்டு மட்டும். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் உட்கார்ந்து, முழுச் சிலையை அல்ல, ஒரு கையை மட்டும் வரையட்டும். மூன்று பொருள் பார்த்ததும் வெளியே வந்துவிடுங்கள். நான்காவதில் கால் வலிக்கும், ஐந்தாவதில் அழுகை.

செய்ததைச் சேமிக்கும்போது பின்பக்கம் பென்சிலால் தேதியும் வயதும் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா முன்பக்கம் ஊறிவிடும். மைதாவால் ஒட்டியதை பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். நாளிதழ் இடையில் வைத்து அட்டைக்குள் படுக்கையாக, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கரப்பான் இருக்கிற வீடென்றால் வெட்டு ஒட்டு வேலைகளுக்கு மட்டும் ஃபெவிகாலுக்கு மாறிவிடுங்கள்.