தாங்குவீர்கள் என்று சொல்பவர்கள்

அன்புள்ள அண்ணா,

உங்கள் எழுத்துகளை நெடுநாளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். போன மாதம் எங்களுக்கு ஆளுமை விருத்திச் செயலமர்வு ஒன்று வைத்தார்கள். அதிகாலை எழும்ப வேண்டும், நாட்குறிப்பு எழுத வேண்டும், உடலின் சக்தியைத் திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டும், மாறும் காலத்துக்கு ஏற்பப் புதிதாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் வளவாளர். நல்ல மனிதர்தான். முடிக்கும்போது, "வன்னி மக்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை, நீங்கள் எதையும் தாங்கி எழுந்து வருவீர்கள்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

2009 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. இப்போது வேலை இருக்கிறது, மகளுக்கு மூன்று வயது, அம்மாவுக்குச் சீனி வருத்தம், மாதக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போக வேண்டும். கணவர் நல்லவர், ஆனால் கேட்டால்தான் செய்வார். அண்ணா பிரான்சில். இரவில் இணையவழியில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு கற்கைநெறியும் படிக்கிறேன், இல்லாவிட்டால் பின்னுக்கு நின்றுவிடுவோம் என்று பயம். இப்போது பாடக் காணொளியைப் போட்டாலே நித்திரை வருகிறது. அந்தளவைத் தாங்கின நான் இந்தச் சின்ன வாழ்க்கையைத் தாங்க முடியாமல் இருக்கிறேனா? என்னில் வளர்ச்சியே இல்லையா?

— ஒரு வாசகி, தருமபுரம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. வளவாளரில் அல்ல, அந்த வசனத்தில். "நீங்கள் தாங்குவீர்கள்" என்பதை நம்மிடம் யார் எப்போது சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த சுமை வரும் நேரத்தில்தான் அது சொல்லப்படும். 2021 இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் டீசலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்போது தெற்கில் பலர் எங்களைக் காட்டி, வடக்குச் சனத்துக்கு இது பழகினதுதானே என்றார்கள். பழகினதுதான். போர் நடந்தபோது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்ததும், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினதும் உண்மைதான். செய்யத் தெரியும் என்பதால் திரும்பவும் செய்யச் சம்மதம் என்று யார் சொன்னது?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தாங்கியவர்கள். தாங்காமல் போனவர்கள் செயலமர்வுக்கு வருவதில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு இந்தச் சனம் எதையும் தாங்கும் என்று கணக்கு முடிப்பது எவ்வளவு வசதி! கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி அம்மாமார் வந்து குந்தினார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டு. வருடங்கள் ஓடிப் போயின, பதிலைக் காணாமலே பல தாய்மார் செத்துப் போனார்கள். அவர்களின் மனவுறுதியை யாரும் போய்ப் புகழத் தேவையில்லை. அவர்கள் கேட்டது புகழ்ச்சியை இல்லை. நீங்கள் கைதட்டாமல் இருந்ததற்கு இதில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, சக்தி விஷயத்துக்கு வருவோம். வளவாளர் சொன்னதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். நித்திரை முக்கியம், நடை நல்லது. (மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அதிகாலை எழும்பி நாட்குறிப்பு எழுதச் சொல்பவருக்கு வீட்டில் யாரோ தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார்கள் என்பது என் ஊகம்.) ஆனால் சக்தியைத் திட்டமிடுவது என்றால் என்ன என்று வன்னியில் யாராவது கேட்டால், நான் சிறுபோகக் (கோடைகால நெற்செய்கைக்கான) கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கூட்டம்தான். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், 20,000 ஏக்கருக்கு மேல் விதைக்கிறார்கள், அதற்கு மழை துணை. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் மட்டும்தான். அதனால் காலபோக வெட்டு முடிகிற காலத்தில் அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்கார அமைப்புகள் எல்லாரும் கூடி, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். சில வருடங்களில் அது காலபோகத்தில் பாதிகூட வராது. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அந்த முறை கிடைக்கிற பங்குதான். "எனக்குக் காணி இருக்கு, நான் விதைப்பன்" என்று அடம்பிடிக்கிறவர் ஒவ்வொரு வருடமும் இருப்பார். பங்குக்கு மேலே விதைப்பார். ஆடியில் தண்ணீர் குறையும்போது அவருடைய மேலதிகப் பயிர் கருகும். அதோடு போனால் பரவாயில்லை. வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனின் ஒழுங்கான பயிரும் சேர்ந்து கருகும்.

உங்கள் கடிதத்தில் இருப்பது அந்த மேலதிக விதைப்பு. வேலை, மகள், அம்மா, கற்கைநெறி என்று உங்களுக்குக் காணி நிறைய இருக்கிறது. இந்தப் போகத்துக்குக் குளத்தில் எத்தனை அடி என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் நீங்கள் தாங்கினதை இன்றைய குளத்து நீர்மட்டமாகக் கணக்கெடுக்கிறீர்கள். அது அன்றைக்கே செலவாகிவிட்டது. ஒரு பிள்ளை அந்தளவைக் கடந்து வந்தால் பின்னாளில் அதற்குக் கூடுதலாக இளைப்பாற வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்துக் கொண்டு வந்திருக்கும் என்று எப்படி எதிர்பார்க்கலாம்?

விதைக்காமல் விட்ட வயல் கைவிட்ட வயல் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெட்டு முடிந்த வெளியில் மாடுகளை அவிழ்த்து விடுவோம். மேய்ச்சல் தரைக்கு இங்கே படும் பாடு உங்களுக்குத் தெரியும், அந்த இடைக்காலம்தான் மாட்டுக்காரருக்கு ஆறுதல். சாணமும் அங்கேயே விழும்.

ஓய்வெடுத்தால் குற்ற உணர்ச்சி வருகிற ஆள் நீங்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். அவர்களில் கனபேர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அந்த வேலையில் குறிப்பிட்ட நேரம் மண்ணைக் கிளறினால் பிறகு கட்டாயம் எழும்பி இளைப்பாற வேண்டும் என்பது விதி. "எனக்குக் களைப்பில்லை, நான் தொடர்ந்து செய்வன்" என்றால் மேற்பார்வையாளர் விடமாட்டார். களைத்த கை எங்கே படும் என்று அவருக்குத் தெரியும். அங்கே யாரும் ஓய்வைச் சோம்பல் என்று சொல்வதில்லை.

வளர்ச்சி பற்றிய உங்கள் கேள்விதான் எனக்குக் கஷ்டமானது. செயலமர்வுகளில் வளர்ச்சி என்றால் தனி ஆளின் வளர்ச்சி. அதில்தான் நான் ஒத்துப்போகவில்லை. மீள்குடியேறிய காலத்தை நினைத்துப் பாருங்கள். தகரமும் 25,000 ரூபாய்க் காசும் கையில். வளவு முழுக்கப் பற்றை. கிணறு பாழாய்க் கிடந்தது. ஒரு கிணற்றைத் தனியே இறைக்க முடியாது. ஐந்தாறு பேர் சேர்ந்து முதலில் ஒருவருடையதை இறைத்து, பிறகு அடுத்த வளவுக்குப் போனார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்தது குழுக்கடன். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. கிணறு இறைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியே தவணை நாளில் கடன் தண்ட வாசலில் நின்றாள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்காக ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்கும் அளவுக்கு நிலைமை போனது. கடன் கொஞ்சம் குறைந்தது, ஆனால் முறிந்த முகங்கள் எல்லாம் திரும்பவில்லை. நம்முடைய தெம்பு எங்கே ஒழுகிப் போனது என்று தேடுகிறவர்கள் அதிகாலை நித்திரையில் தேடுவதை விட்டு அங்கே தேடலாம். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007 இலேயே, போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்தியது, அதனால் மருந்தும் அந்த மட்டத்தில் வேண்டும் என்று எழுதினார். நம்முடைய செயலமர்வுகள் இன்னும் ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே உங்கள் வளர்ச்சி எது என்று கேட்டால், கணவரிடம் கேட்கப் பழகுவது என்பேன். கேட்டால்தான் செய்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காமல் அவரே உணர வேண்டும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள், அவர் நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பில் வீணாகும் தெம்பு கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த மாதக் கிளினிக்குக்கு அம்மாவை அவர் கூட்டிப் போகட்டும். அம்மா முதலில் கூச்சப்படுவார், மருமகனோடு ஆஸ்பத்திரி வரிசையில் இருப்பது எப்படி என்பார். இரண்டு தடவை போனால் பழகிவிடும். பிரான்சில் இருக்கும் அண்ணாவிடமும் காசு தவிர ஒன்று கேட்கலாம்: கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணித்தியாலத்தில் நீங்கள் முற்றத்தில் சும்மா இருங்கள். மகள் வந்து மடியில் ஏறுவாள், அது கணக்கில் இல்லை.

கற்கைநெறி பற்றி. பயத்தில் படிக்கும் படிப்பு மண்டையில் நிற்பதில்லை என்பது என் கருத்து. உங்கள் வேலைக்கு அது உதவும் என்றுதான் நானும் நினைக்கிறேன், கடிதம் தயாரிக்க, அட்டவணை போட, மொழிபெயர்க்க அந்தக் கருவிகள் எப்படியும் உங்கள் மேசைக்கு வரத்தான் போகின்றன. ஆனால் அவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. இன்று கண்ணைக் கசக்கிப் படிப்பது மகள் பள்ளிக்கூடம் போகும்போது பழசாகிவிடும். பணம் கட்டியாகிவிட்டது என்றால், அடுத்த தொகுதியோடு சேர்ந்து தொடர விடுவார்களா என்று நடத்துபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டோம் என்றால் அந்தப் பணம் போனதாக இருக்கட்டும். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.