லீகல் டிபார்ட்மென்ட்ல ரெண்டே பேர், வர்றதெல்லாம் அர்ஜென்ட்: எப்படி சமாளிக்கிறது?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில லீகல் மேனேஜரா இருக்கேன். நானும் ஒரு ஜூனியரும்தான். வென்டார் அக்ரிமென்ட், என்டிஏ (ரகசியம் காக்கிற ஒப்பந்தம்), செக் பவுன்ஸ், கோர்ட் நோட்டீஸ் எல்லாம் எங்ககிட்டதான் வருது, சேல்ஸ் அனுப்புற ஒவ்வொரு மெயில்லயும் 'அர்ஜென்ட்'னு இருக்கு. இன்னொரு ஆள் கேட்டா பட்ஜெட் இல்லங்கிறாங்க. என்ன பண்ணலாம் சார்?

பதில்: முதல்ல சட்டம் வச்ச கெடு எது, சேல்ஸ் ஹெட் வச்ச கெடு எதுன்னு பிரிங்க. செக் பவுன்ஸ்னு பேங்க்ல இருந்து ரிட்டர்ன் மெமோ வந்தா 30 நாளுக்குள்ள 138 நோட்டீஸ் (பணத்தைக் கேட்டு அனுப்புற சட்ட நோட்டீஸ்) போயாகணும், அது செக் குடுத்தவர் கைக்குக் கிடைச்சு 15 நாள்ல பணம் வரலேன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல கம்ப்ளெயின்ட். கமர்ஷியல் சூட்ல (வியாபார வழக்கு) சம்மன் சர்வ் ஆன 30 நாள்ல ரிட்டன் ஸ்டேட்மென்ட், அதாவது நம்ம எழுத்து பதில், கோர்ட் டைம் குடுத்தாலும் 120 நாள் தாண்டினா அந்த உரிமையே போச்சு. கன்ஸ்யூமர் கேஸ்னா பதில் போட 30 நாள், மிஞ்சிப்போனா இன்னும் 15. ஆர்பிட்ரேஷன் அவார்டை (மத்தியஸ்தர் தீர்ப்பை) எதிர்க்க 3 மாசம், அதுக்கு மேல 30 நாள் கேட்கலாம், அதோட சரி. இதெல்லாம் ஒரே எக்செல் ஷீட்ல, பேப்பர் வந்த தேதி, கடைசித் தேதி ரெண்டையும் போட்டு, தினமும் காலைல மெயில் திறக்குறதுக்கு முன்னாடி பாருங்க. சம்மன் பெரும்பாலும் கேட்ல செக்யூரிட்டியோ ரிசப்ஷனோ வாங்கி வச்சிருப்பாங்க, உங்ககிட்ட வர்றதுக்குள்ள பத்து நாள் போயிருக்கும். அதனால வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அட்மின்கிட்ட பேசிடுங்க, இத முதல்ல செய்ங்க.

அடுத்து என்டிஏ. ஒவ்வொண்ணையும் வரி வரியா படிக்கிறத நிறுத்துங்க. கம்பெனி டெம்ப்ளேட் ஒண்ணு ரெடி பண்ணி, எதிர்பார்ட்டி மாத்தாம கையெழுத்து போட்டா லீகலுக்கு வரவே வேணாம்னு மேனேஜ்மென்ட்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. பர்ச்சேஸ் ஆர்டர் நிபந்தனைக்கும் இதே வழிதான், ஆனா இன்டெம்னிட்டி (நஷ்டத்தை ஈடு கட்டுறது), லயபிலிட்டி கேப் (பொறுப்புத் தொகைக்கு உச்சவரம்பு), ஜூரிஸ்டிக்ஷன் (எந்த ஊர் கோர்ட்) இந்த மூணுல யாராச்சும் கை வச்சா மட்டும் உங்ககிட்ட வரணும்.

வாட்ஸ்அப்ல வர்ற வேலைய எடுக்காதீங்க. ஒரு பொது மெயில் ஐடி வச்சு, எப்போ வேணும், ஏன் அன்னிக்கு வேணும், டீல் மதிப்பு எவ்வளவுன்னு மூணு கேள்வி கேளுங்க. 'ஏன்'கிறதுக்கு பதில் எழுத முடியாமலே பாதி அர்ஜென்ட் காணாம போயிடும். முதல் மாசம் திட்டுவாங்க, திட்டட்டும்.

கோர்ட்டுக்கு நீங்க ஓடாதீங்க. முழுநேர சம்பளத்துல இருக்கிறவங்க வக்கீலா ஆஜராக முடியாது, வெளி வக்கீல் எப்படியும் இருப்பார். ஹியரிங் அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு வரி, அடுத்த தேதி, நம்ம பக்கம் என்ன குடுக்கணும்னு அனுப்பச் சொல்லுங்க, ஃபீஸ் பில்லை அதோட சேர்த்துதான் பாஸ் பண்ணுவேன்னு சொன்னா ஒழுங்கா வரும்.

ஆள் கேட்கிறத கொஞ்சம் தள்ளி வைங்க. மூணு மாசம் அந்த மெயில் ஐடில வந்தது எத்தனை, எந்த டிபார்ட்மென்ட், வெளி வக்கீலுக்கு போன ஃபீஸ் எவ்வளவுன்னு எடுத்துட்டு சிஎஃப்ஓகிட்ட (நிதித் தலைவர்) போங்க, ஹெச்ஆர்கிட்ட இல்ல.