பக்தியுள்ள அரசியல்வாதிக்குத்தான் கத்தோலிக்கர்களின் ஓட்டா?

கேள்வி: "கத்தோலிக்கர்கள் எல்லாரும் சாமியார் கைகாட்டுகிறவருக்கே ஓட்டுப் போடுவார்களா? ஒரு தலைவர் பக்தியோடு இருப்பது அவர்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

நான் மதுரை ஞானஒளிவுபுரம் பக்கம் வளர்ந்த கத்தோலிக்கன். முதல் கேள்விக்கு, இல்லை என்று தயங்காமல் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரே பதில் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து பெரியப்பா வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

பெரியப்பா உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். 2002ஐ அவர் மறக்கவே மாட்டார். அந்த அக்டோபரில்தான் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி மதம் மாற்றுவதை நாங்களும் ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் 'ஆசை காட்டுதல்' என்றும் ஒரு குற்றம் இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகப் படிப்புக் கொடுத்தால்கூட அதற்குள் இழுத்துவிடுவார்களோ என்ற பயம் பள்ளி நடத்திய எல்லாருக்கும் இருந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போனபிறகுதான் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரே கணக்குதான். வேட்பாளர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, நம்மை நிம்மதியாக விடுவாரா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பார்.

அத்தை அப்படி இல்லை. மரியாயின் சேனை என்ற செபக் குழுவில் பல வருடமாக இருப்பவர். கடவுள் பயம் உள்ளவனுக்குத்தான் என் ஓட்டு என்பார். அது எந்தக் கடவுள் என்று அவர் கேட்பதில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசி, மீனாட்சியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பிரசாரத்தைத் தொடங்குகிறவர் மேல் அவருக்கு மரியாதை உண்டு. கருக்கலைப்பைப் பற்றித் திருச்சபை சொல்வதை எந்தக் கட்சியும் பேசுவதில்லை என்ற வருத்தமும் உண்டு. அத்தையின் பக்தி உண்மையானது, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அவருடைய அளவுகோல் எனக்குச் சரிப்படவில்லை. கும்பிடுவது கண்ணுக்குத் தெரியும். கடவுள் பயம் இருக்கிறதா என்பதை ரேஷன் கடையிலும் பட்டா கேட்டு அலையும் தாலுகா அலுவலகத்திலும்தான் பார்க்க முடியும்.

தம்பி முறையுள்ள பையன்களுக்கு இந்த வழக்கே பழசு. நடிகர் விஜய்யை 'ஜோசப்' என்று சேர்த்துச் சொல்லிச் சிலர் குத்திக் காட்டியபோது அவர்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. ஒருவருடைய பெயரை வைத்து அவர் இந்த நாட்டுக்காரரா என்று சந்தேகப்படுவது அசிங்கம். 2025 ஆகஸ்டில் மதுரைப் பக்கம் பாரபத்தியில் அவருடைய கட்சி மாநாடு நடந்த சமயத்தில் "நம்ம ஆளுண்ணே" என்று ஒருவன் சொன்னான். பெயருக்காக வெறுப்பது தப்பு என்றால், பெயருக்காக ஓட்டுப் போடுவது மட்டும் எப்படிச் சரியாகும்? அவனிடமும் இதைத்தான் கேட்டேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் சமாதானமாகிவிட்டான்.

வெளியூர் நண்பர்கள் 'கிறிஸ்தவ ஓட்டு வங்கி' என்று சொல்லும்போது மதுரையைக் கொஞ்சம் பாருங்கள் என்பேன். 1949இல் 12ஆம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசராக இருந்தபோது, கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்புகிற கத்தோலிக்கர் திருச்சபைக்குப் புறம்பாவர் என்று ஆணையே வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1959இல் ஆயர்களும் பங்கு மக்களும் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபையைத்தான் பங்கு என்போம்) ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள், அந்த ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அதே காலத்தில் 1957இல் மதுரை, கே.டி.கே. தங்கமணி என்ற கம்யூனிஸ்டை மக்களவைக்கு அனுப்பியிருந்தது. பிறகு அதேபோல் கம்யூனிஸ்டுகளான பி. ராமமூர்த்தி, பி. மோகன், இப்போது 2019இலும் 2024இலும் சு. வெங்கடேசன். கடந்த இரண்டு தடவையும் எங்கள் அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) செபமாலையை முடித்துவிட்டு அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுப் போட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. வேட்பாளருக்கு விசுவாசம் இருக்கிறதா என்பதை அவர்கள் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் எல்லாச் சபைகளையும் சேர்த்துக் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். அந்த எண்ணிக்கையின் பலம் எவ்வளவு என்று 2019இல் தெரிந்தது. வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன், எங்களுக்குப் புனித நாள். தேதியை மாற்றக் கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள், நடக்கவில்லை. அதே நாள் சித்திரைத் தேரோட்டமும் என்பதால் மதுரைக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் நீட்டித்தார்கள். மீனாட்சியம்மன் புண்ணியத்தில் நாங்களும் பாதம் கழுவும் சடங்கை முடித்துவிட்டு நிதானமாகப் போய் ஓட்டுப் போட்டோம். அதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

சரி, சாமியார் விஷயம். குருக்கள் ஆட்சிப் பதவி வகிக்கக் கூடாது என்று 1983இல் வந்த திருச்சபைச் சட்டமே சொல்கிறது. தேர்தல் நேரத்தில் எங்கள் கோயிலில் வாசிக்கப்படும் ஆயர்களின் கடிதத்தில் கட்சிப் பெயரை நான் கேட்டதில்லை. அரசியல் சாசனத்தைக் காப்பவருக்கு ஓட்டளியுங்கள் என்று இருக்கும். யாரை நினைத்து எழுதியது என்று ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள், அது வேறு. மீறிப் பேசுகிறவர்களும் உண்டு. 2021 ஜூலையில் குமரி மாவட்டம் அருமனையில் ஒரு குருவானவர், அந்த ஆண்டு திமுக பெற்ற தேர்தல் வெற்றியே சிறுபான்மையினர் போட்ட பிச்சை என்று பேசி, பிரதமரையும் பாரத மாதாவையும் பழித்து, கடைசியில் இங்கே மதுரைப் பக்கம் கள்ளிக்குடியில் கைதானார். எங்கள் பங்கில் அன்று பலருக்கு அவமானமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உயிராக மதிப்பதை இழிவாகப் பேசுவதற்குப் பெயர் துணிச்சல் இல்லை.

மாறாக, 2024 செப்டம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்கத் தேர்தலைப் பற்றி விமானத்தில் கேட்டார்கள். குடியேறியவர்களைத் துரத்துவதும் குழந்தைகளைக் கருவில் அழிப்பதும் இரண்டுமே உயிருக்கு எதிரானவை என்றார். குறைந்த தீமை எது என்பதை அவரவர் மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். பாப்பரசரே பெயர் சொல்லாத இடத்தில் பங்குச்சாமி எதற்குச் சொல்ல வேண்டும்?

இனி என் கருத்து. 'நம்ம ஆள்' என்ற பேச்சைத்தான் நான் எல்லாவற்றையும் விட அதிகமாகச் சந்தேகப்படுகிறேன். காரணம், எங்களுக்குள் இருக்கும் சாதி. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே கோயிலில் சமமாக நடத்தப்படாததால்தான் கேட்டார்கள். மற்றச் சாதியினரோடு கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள். அங்கே எந்தக் கத்தோலிக்க வேட்பாளர் எல்லாருக்கும் நம்ம ஆள்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைக்கூடச் சாதியாகப் பிரித்து ஒரு சுவர் நிற்கிறது. அதை இடி என்று மேடையில் சொல்லும் கிறிஸ்தவ அரசியல்வாதி யாராவது வந்தால் அவருக்கு என் ஓட்டு. அவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் என் ஓட்டு.

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே வைத்தது 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது, முடிவு தில்லியில் நிற்கிறது. வேட்பாளர் கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்ட வருவதை விட இந்த ஆணையைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதே எனக்கு வேண்டும். கூடவே, நாங்கள் உள்ளே ஒழிக்காத சாதியைப் பற்றி எங்கள் முகத்துக்கு நேராகக் கேட்கும் தைரியமும் அவருக்கு வேண்டும்.

பெரியப்பா இதில் பாதியை ஒத்துக்கொள்வார், அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். அடுத்த தேர்தலுக்கு முன் எல்லாக் கட்சி வேட்பாளரையும் கோயில் வளாகத்துக்கு வெளியே ஒரு மண்டபத்தில் கூப்பிட்டு இதைக் கேட்கலாமா என்று அன்பியக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். வழிபாட்டு இடத்தில் பிரசாரம் செய்வதற்குத் தேர்தல் நடத்தை விதியும் இடம் தரவில்லை, அதனால் மண்டபம்தான் சரி. உங்கள் ஊர்ப் பங்கில் யாராவது இப்படிச் செய்திருந்தால் எப்படி நடத்தினீர்கள் என்று கருத்தில் எழுதுங்கள்.