570-ஆ, 1000-ஆ? மலைச்சரிவில் 22 ஏக்கருக்கு எந்த சைடு-பை-சைடு வண்டி

கேள்வி: டெக்சஸில் பிளாங்கோ பக்கம் 22 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். சுண்ணாம்புக்கல் சரிவு, ஓக், சீடர் மரங்கள், நடுவே ஒரு காய்ந்த ஓடை. வனவிலங்குப் பராமரிப்புக் கணக்கில் வரிச்சலுகை இருக்கிறது. சீடர் வெட்டுவது, களைக்கு மருந்து அடிப்பது, மான்களுக்குச் சோளமும் தண்ணீரும் கொண்டுபோவது, வேலி பார்ப்பது, இவைதான் வேலை. பிள்ளைகளுக்கு வயது 13, 9. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் தங்குவார்கள். இதற்கு ஒரு சைடு-பை-சைடு (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் சிறிய பண்ணை வண்டி) தேடுகிறோம். போலாரிஸ் ரேஞ்சர் 570 போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. டீலரோ ஏசி கேபினோடு, இரண்டு வரிசை இருக்கையுள்ள ரேஞ்சர் எக்ஸ்பி 1000 க்ரூவை எடுக்கச் சொல்கிறார். எஃப்-150 பிக்கப்பும், 5-க்கு 10 அடி டிரெய்லரும் கையில் இருக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் உட்காரும் ஒற்றை வரிசை முழு அளவு வண்டியை எடுங்கள். எஞ்சின் குறைந்த குதிரைத்திறனில் இருக்கட்டும். கண்ணாடிக் கேபின் வேண்டாம். நீங்கள் நினைக்கும் 570 உங்கள் வேலைக்குச் சிறிது, டீலர் சொல்லும் க்ரூ உங்கள் நிலத்துக்கு நீளம். இந்த வண்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. பட்டறைக்கு எது எதனால் வருகிறது என்று பார்த்துப் பார்த்து வந்த கருத்து இது.

ஷோரூமில் 570-ம் 1000-மும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எஞ்சின்தான் வித்தியாசம் என்று தோன்றும். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு தனித்தனிக் கேள்விகள்: உடம்பு எவ்வளவு பெரிது, எஞ்சின் எவ்வளவு பெரிது. இரண்டும் சேர்ந்தே வளர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குபோட்டாவின் ஆர்டிவி-எக்ஸ்1100சி டீசல் வண்டிக்கு 25 குதிரைத்திறன்கூட முழுதாகக் கிடையாது. ஆனால் பின்னால் சுமை ஏற்றும் அதன் பெட்டில் 1,100 பவுண்டு ஏற்றலாம். இரண்டு பேர் உட்காரும் நடுத்தர ரேஞ்சர் 570-க்கு 44 குதிரைத்திறன், பெட்டில் ஏற்றக்கூடியதோ 500 பவுண்டுதான். சுமை தாங்குவது சட்டமும் சஸ்பென்ஷனும் அச்சும். குதிரைத்திறன் உங்களுக்குத் தருவது வேகம். கல் நிலத்தில் மணிக்கு 10, 15 மைலுக்கு மேல் போக உங்களுக்கு இடம் ஏது? 44 குதிரைத்திறன் என்ற எண்ணைப் பார்த்து 570-ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துத்தான் ஒதுக்கச் சொல்கிறேன்.

உங்கள் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெக்சஸில் அந்த வரிச்சலுகை நிலைக்க, சொல்லப்பட்ட ஏழு செயல்களில் குறைந்தது மூன்றையாவது ஆண்டுதோறும் செய்ய வேண்டும். வாழிடப் பராமரிப்பு, கூடுதல் தீவனம், கூடுதல் தண்ணீர் என்றுதான் பெரும்பாலோர் எடுப்பார்கள், நீங்களும் அப்படித்தான் எடுத்திருப்பதாகத் தெரிகிறது. அதாவது இந்த வண்டியின் முக்கிய வேலை தண்ணீர் சுமப்பது. தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு. மருந்தடிக்க 50 கேலன் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் 417 பவுண்டு. தொட்டி, பம்பு, பைப்பு, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் 500-ஐ நெருங்கிவிடும். 570-ன் பெட் அதோடு தீர்ந்தது, செயின் சா வைக்கக்கூட எடையில் இடமில்லை. சோளமும் அப்படித்தான். 50 பவுண்டு மூட்டை பத்து வைத்தால் 570 நிறைந்துவிடும். முழு அளவு ரேஞ்சரின் பெட்டுக்கு வரம்பு 1,000 பவுண்டு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெட்டின் வரம்பு வேறு, வண்டியின் மொத்தச் சுமை வரம்பு வேறு. ஓட்டுபவர், கூட வருபவர், கருவிப்பெட்டி, வின்ச் (வடம் சுற்றி இழுக்கும் கருவி), நீங்கள் பிறகு மாட்டும் கேபின், பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் மேல் அது அழுத்தும் எடை எல்லாமே மொத்த வரம்பில்தான் கழியும். கண்ணாடிக் கேபினும் ஏசியும் சில நூறு பவுண்டு எடை. அவற்றை மாட்டிய அன்றே ஒரு பயணியின் எடையையாவது இழந்துவிடுகிறீர்கள். வாங்குமுன் கையேட்டில் அந்த மொத்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளில் பெட்டின் எண்தான் பெரிதாக இருக்கும்.

"சிறிய வண்டியே போதும், தண்ணீரைப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்பார்கள். சமதளத்தில் அது நல்ல யோசனை. 570 இழுப்பதாகச் சொல்வது 1,500 பவுண்டு, ஆனால் வண்டியின் சொந்த எடை சுமார் 1,100 பவுண்டுதான். சுண்ணாம்புச் சரளையில் இறங்கும்போது தன்னைவிடக் கனமான ஒன்று பின்னாலிருந்து தள்ளினால், நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தரை பிடிக்காவிட்டால் பயனில்லை. முழு அளவு வண்டி சில நூறு பவுண்டு கூடுதல் எடை, அகலமும் கூடுதல். உங்கள் சரிவில் அந்த எடையே ஒரு பாதுகாப்பு.

அகலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒடுக்கமான வண்டி புதருக்குள் நுழையும், ஆனால் பக்கச் சரிவில் சீக்கிரம் கவிழும். யமஹா ரைனோ இதற்குப் பதிவான சாட்சி. 450, 660 மாடல்கள் கவிழ்ந்து பலர் இறந்த பிறகு, 2009-ல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. பின்சக்கரங்களில் 50 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்து அகலப்படுத்துவதும், பின்பக்க ஆன்டி-ஸ்வே பாரை (சஸ்பென்ஷனில் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பியை) கழற்றுவதும் அந்தத் திருத்தத்தில் முக்கியமானவை. ஐந்து சென்டிமீட்டர் அகலம் அவ்வளவு பேசுகிறது. நடுத்தர 570-ன் அகலம் 56 அங்குலம், முழு அளவு ரேஞ்சரின் அகலம் சுமார் 62. சமதளத்தில் இந்த ஆறு அங்குலம் பெரிதாகத் தெரியாது. மேலே தண்ணீர்த் தொட்டி ஏறிவிட்டால் கதை வேறு. அதிலும் பாதி நிறைந்த தொட்டி, நிறைந்த தொட்டியைவிட மோசம், ஏனென்றால் வளைவில் தண்ணீர் எல்லாம் ஒரே பக்கம் போய் நிற்கும். உள்தடுப்பு வைத்த தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள்.

அப்படியானால் 50 அங்குல வண்டிகளை ஏன் செய்கிறார்கள்? அமெரிக்க வனத்துறையின் காட்டுப் பாதைகள் பலவற்றில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை. ஹோண்டா பயனியர் 520 அந்த அளவுக்கென்றே வந்தது. விடுமுறையில் அந்தப் பாதைகளில் சுற்றும் ஆசை இருந்தால் அது அருமையான வண்டி. உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

க்ரூ ஏன் வேண்டாம் என்கிறேன்? அதன் நீளம் 12 அடிக்கு மேல். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சாதாரண ரேஞ்சரில் 81 அங்குலம், க்ரூவில் 113. பிளாங்கோ பக்கச் சுண்ணாம்புப் பாறை படிப்படியாகத்தான் இருக்கும். முன்சக்கரம் ஒரு படியில் ஏறி இறங்கியதும் வண்டியின் வயிறு அந்த விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். ஓடையைக் கடக்கும் இடத்திலும் இதேதான். சீடர் மரங்களுக்கு நடுவே திரும்ப, வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்பி எஞ்சினின் 82 குதிரைத்திறன் அந்த இடத்தில் எதற்கும் உதவாது.

பிள்ளைகள் விஷயம் தனி. முழு அளவு வண்டிகளை ஓட்ட 16 வயதும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும் என்பதுதான் தயாரிப்பாளர்கள் சொல்வது. ஆகவே 13 வயதுப் பிள்ளையிடம் "சொந்த நிலம்தானே" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். கூட உட்கார்ந்து வருபவருக்கும் விதி உண்டு: முதுகு இருக்கையில் படிய வேண்டும், இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும், கைப்பிடி எட்ட வேண்டும், சீட் பெல்ட் போட வேண்டும். 9 வயதுப் பிள்ளையை ஷோரூமுக்கே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். கால் எட்டாவிட்டால் எட்டும் வரை அந்தப் பிள்ளை வண்டியில் ஏற வேண்டாம். மடியில் வைத்துக்கொள்வதும், பெட்டில் உட்காரவைப்பதும் கூடவே கூடாது. கவிழும்போது உள்ளிருப்பவர் தூக்கி எறியப்பட்டு, கம்பிச் சட்டமே மேலே விழுந்துதான் பெரிய காயங்கள் நேர்கின்றன. அனிச்சையாகக் கையை வெளியே ஊன்றுவதும் ஆபத்து. கதவையோ வலையையோ மாட்டாமல் ஓட்டாதீர்கள்.

அப்பா அம்மாவையும் கூட்டிப்போங்கள். அம்மா சேலையோடு ஏறி இறங்க முடிகிறதா என்பது எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. ஏறும் உயரம் எவ்வளவு, தரை தட்டையாக இருக்கிறதா, பிடித்து ஏறக் கம்பி எங்கே என்று நேரில்தான் தெரியும்.

நால்வரும் ஒன்றாகப் போயே ஆக வேண்டும் என்றால் ஹோண்டா பயனியர் 700-4-ஐயும் பாருங்கள். பின்னிருக்கை இரண்டும் பெட்டுக்குள்ளிருந்தே எழும், மடக்கினால் பெட் திரும்பக் கிடைக்கும். வண்டியின் நீளம் கூடுவதில்லை. இழுவை 1,500 பவுண்டுதான், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக அதில் ரப்பர் பெல்ட் கிடையாது, கியரில் ஓடுகிறது. அது ஒரு நிம்மதி.

ரேஞ்சரே பிடித்திருந்தால் எக்ஸ்பி இல்லாத 1000-ஐக் கேளுங்கள். 61 குதிரைத்திறன், மூன்று பேர் இருக்கை, பெட்டுக்கு 1,000 பவுண்டு, இழுவை 2,500 பவுண்டு. டீலர் அதை முன்வரிசையில் நிறுத்தியிருக்க மாட்டார், கேட்டால் எடுத்துக் காட்டுவார். அங்கே நிற்கும்போதே இன்னொன்றும் செய்யுங்கள்: அதன் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வந்து உங்கள் டிரெய்லரையும் அளந்து பாருங்கள். 5 அடி என்றால் 60 அங்குலம். 62 அங்குல வண்டி அதில் ஏறாது. பயனியர் 700-ம் 60 அங்குலம்தான், அதுவும் ஏறாது. பிக்கப்பின் பெட்டில் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள், சக்கர மேடுகளுக்கு இடையே சுமார் 50 அங்குலம்தான் இருக்கும். 77 அங்குல அகல டிரெய்லர் வேண்டும். பழையதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கும் செலவை வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். தோராயமாக நடுத்தர 570 12,000 டாலரை ஒட்டி வரும், முழு அளவின் சாதா மாடல் 15,000-க்கு மேல், ஏசி கேபினோடு பெரியதை எடுத்தால் 30,000-ஐத் தொடும். கேபினை விட்டாலே டிரெய்லரும் வின்ச்சும் உள்தடுப்புத் தொட்டியும் வந்துவிடும். ஆகஸ்ட் வெயிலுக்கு மேற்கூரையும் மடக்கக்கூடிய முன்கண்ணாடியும் போதும். சீடர் கிளைகள் உரசும் இடத்தில் கண்ணாடிக் கதவு எத்தனை நாள் தாங்கும்?

ரேஞ்சரில் அந்த ரப்பர் பெல்ட் உண்டு, அதை எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய சீடரைச் சங்கிலியில் கட்டி, ஹை கியரிலேயே மிதிப்பார்கள். மரம் அசையாது, வண்டியும் அசையாது. உள்ளே கிளட்ச் மட்டும் பெல்ட்டின் ஒரே இடத்தில் சுழன்று தேய்க்கும். மூடியைத் திறந்து பெல்ட்டை வெளியே எடுத்தால் மற்ற இடமெல்லாம் புதிது போல் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அகலம் குறைந்து, விளிம்பு பளபளவென்று தீய்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது வண்டி உதறும். சுமை இழுக்கும்போதும், மணிக்கு 7 மைலுக்குக் கீழே ஊரும்போதும் லோ கியரில் போட்டால் இது வராது. அதோடு, காய்ந்த புல் எக்ஸாஸ்ட் பக்கம் அடைந்தால் தீப்பிடிக்கும். கோடையில் வேலை முடிந்ததும் குனிந்து ஒரு பார்வை பார்த்து உருவி எடுத்துவிடுங்கள்.

பழைய வண்டி கிடைத்தால், ஓடிய மைலை எஞ்சின் ஓடிய மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சராசரி 8, 10 என்று வந்தால் பண்ணை வேலையில் ஓடியது. அதைவிட நிறையக் கூடுதலாக வந்தால் யாரோ விரட்டி ஓட்டியிருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வண்டி தண்ணீரில் மூழ்கியிருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

புதியதோ பழையதோ, காலி வண்டியை ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டில் எட்டு மூட்டை சோளம் ஏற்றச் சொல்லுங்கள். சரிவில் இறக்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறதா, பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாடலும் இதில் ஒரே மாதிரி இல்லை. உங்கள் நிலத்தில் தினமும் நடக்கப்போவது அந்த இறக்கம்தான்.