கோழி இடுப்பில் ஓர் ஓட்டை

கேள்வி: அம்மா, நான் பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். இந்த செமஸ்டரில் டைனோசருக்கென்றே ஒரு யூனிட். சாரிஸ்கியா, ஆர்னித்திஸ்கியா, தெரோபோடா என்று ராத்திரி மனப்பாடம் செய்தால் காலையில் ஒன்றும் நிற்பதில்லை. "பொம்மை வைத்து விளையாடுகிற விஷயத்துக்குக் காலேஜில் பாடமா?" என்று அப்பா வேறு கேட்கிறார். எப்படிப் படிப்பது?
— ஒரு மாணவர், சத்தியவேடு

பதில்: தம்பி, பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் மூடி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி எடுத்தால் இடுப்புப் பகுதியை வெட்டாமல் முழுசாகப் போடச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்த எலும்பைக் கழுவிக் காய வையுங்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்காருகிற குழி ஒன்று அதில் இருக்கும். அந்தக் குழிக்கு அடி கிடையாது. துடைப்பத்து ஈர்க்கை விட்டால் மறுபக்கம் வந்துவிடும். ஓணானுக்கு அதே குழி அடைபட்டிருக்கும். அதன் கால்கள் பக்கவாட்டில் விரிந்துதான் நிற்கும். கோழியின் கால் உடம்புக்கு நேர் கீழே இறங்குகிறது. டைனோசரும் அப்படித்தான் நின்றது. திறந்த குழி அந்தக் கூட்டத்தின் பொதுவான அடையாளம். பறந்த டெரோசாரும் கடலில் நீந்திய இக்தியோசாரும் டைனோசர் கணக்கில் வராது. சினிமாவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

அந்த எலும்பு கையில் இருக்கும்போதே புத்தகத்தைத் திறங்கள். 1887இல் ஹாரி சீலி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் டைனோசர்களை இரண்டாகப் பிரித்ததே இடுப்பை வைத்துத்தான். பியூபிஸ் என்ற எலும்பு முன்பக்கம் பார்த்தால் சாரிஸ்கியா, அதாவது பல்லி இடுப்பு. பின்பக்கம் சாய்ந்தால் ஆர்னித்திஸ்கியா, பறவை இடுப்பு. இங்கேதான் என் மாணவர்கள் எல்லாரும் தடுக்கி விழுவார்கள்: பறவைகள் வந்தது பல்லி இடுப்புக் கூட்டத்தில், இரண்டு காலில் நடந்த தெரோபோடா என்ற கிளையிலிருந்து. கோழியின் கழுத்தடியில் 'வி' மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறதே, அது டைரனோசாரஸ் ரெக்ஸுக்கும் உண்டு.

பெயர்களுக்குப் பயப்படாதீர்கள். தெலுங்கு படித்தது உங்களுக்கு லாபம். 'கோட்டாசாரஸ் யமன்பல்லியென்சிஸ்' என்ற டைனோசர் பெயரைப் பிரித்துப் பாருங்கள். கோட்டா என்பது பாறை அடுக்கின் பெயர், யமன்பல்லி தெலங்கானாவில் ஓர் ஊர். தெலுங்கில் பல்லி என்றால் சிற்றூர்; நம் பக்கம் எத்தனை பல்லிகள்! 'பாராபாசாரஸ் தாகோரை'யில் 'பாரா பா' என்றால் வங்காளத்தில் பெரிய கால். தாகூரின் நூற்றாண்டான 1961இல் அதன் எலும்புகளைத் தோண்டினார்கள் என்பதால் அவர் பெயரும் சேர்ந்தது.

காலக்கணக்குக்கு நான் வகுப்பில் கிணற்றுக் கயிறு கொண்டுபோவேன். இன்றிலிருந்து பின்னோக்கி ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு மீட்டர். 25 மீட்டரில் டிரையாசிக் காலத்தின் தொடக்கம், 20இல் ஜுராசிக், பதினாலரையில் கிரட்டேசியஸ், 6.6 மீட்டரில் பறவைகள் நீங்கலாக எல்லா டைனோசருக்கும் முடிவு. நம் மனித இனத்துக்கு மூன்று சென்டிமீட்டர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் யாரும் இந்தக் கணக்கை மறந்ததில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்ப் பக்கம் கிணறு வெட்டிய மண்மேட்டுக்குப் போங்கள். செம்மண்ணோடு உருண்டைக் கூழாங்கற்கள் கிடக்கும். அந்தப் பாறைக்கே சத்தியவேடு அடுக்கு என்றுதான் பெயர். கிரட்டேசியஸ் முற்பகுதியில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, டைனோசர்கள் நடமாடிய காலத்தில் படிந்தது. அதோடு சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர் அடுக்கின் வெளிறிய களிப்பாறையை என் மாணவி ஒருத்தி சுத்தியலால் தட்டினாள். ஏடு பிரிவதுபோல் பிரிந்தது. உள்ளே டைலோஃபில்லம் என்ற அழிந்துபோன செடியின் இலை ஒன்று, சீப்புப் பல் மாதிரி வரிசையாக. அரை மணி நேரம் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. 1960இல் எல்லை மாறியபோது சத்தியவேடு சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்குப் போனதை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். அந்த மண்ணின் மீதிக் கதையை நீங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பெரம்பலூரில் டைனோசர் முட்டை கிடைத்ததாக 2020இல் செய்தி வந்ததே, உண்மையா?
— ஒரு வாசகி, நகரி

பதில்: இல்லை அம்மா. குன்னம் பக்கம் கிடைத்தவை அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓட்டின் மேல் மண் இறுகி உருண்ட கட்டிகள். அந்த நிலம் அப்போது கடல். இந்தியாவில் நிஜ முட்டைகள் குஜராத்தின் பாலசினோர் பக்கமும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் கிடைத்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பற்றி 2023இல் எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் எலும்பு கிடைத்த இடம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் அந்த டைனோசருக்கு புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் என்று பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்பது பிற்பாடு தெளிந்தது. அந்த எலும்புகள் இன்று இல்லை, நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியவை படங்களும் அளவுகளும்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. எந்த எலும்பைக் கண்டாலும் தொடுவதற்கு முன் வரை, அள, போட்டோ எடு என்று பிள்ளைகளை நான் விரட்டியது அதனால்தான்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட எலும்புக்கூடு எங்கே இருக்கிறது?
— ஓர் ஆசிரியர், புத்தூர்

பதில்: ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசாரஸ் நிற்கிறது. ரேணிகுண்டாவில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்விடலாம். பாராபாசாரஸைப் பார்க்கக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போக வேண்டும். கோட்டாசாரஸுக்குத் தலை கிடைக்கவில்லை, இரண்டு பல் மட்டும் கிடைத்தது. அங்கே நீங்கள் பார்க்கும் தலை ஊகித்துச் செய்தது. அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் இடுப்புப் பக்கம் கூட்டிப்போய் அந்த ஓட்டையைத் தேடச் சொல்லுங்கள்.